பெரியப்பா என்கிற விலாங்கு

கை நீளம் என்றால் திருடன் என்று அர்த்தம். எனக்குக் கை நீளமில்லை. அடுத்தவன் பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை. நான் கை நீட்டுகிறவன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு என் அண்ணனுடைய முன்பல்லைக் காட்டலாம், அது இப்போது அவர் வாயில் இருந்திருந்தால்.

என் தொழில் டிங்கரிங். நசுங்கிய காரை அடித்து நிமிர்த்துவது. கதவோ, பானட்டோ, மட்கார்டோ, உள்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அணை கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் தகடு தன் பழைய வளைவுக்கு வந்துவிடும். முப்பது வருஷமாக இதையே செய்கிறவனுக்கு, அடித்தால் எதுவும் சரியாகிவிடும் என்று மண்டையில் ஏறிப்போனதில் ஆச்சரியமில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் பட்டறையிலேயே இன்னொரு டிங்கர் இருக்கிறான். தோளில் ஏறிய எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவான்.

அண்ணன் கதை ரொம்பச் சின்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கார் பம்பரை நான்தான் சரிசெய்து பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவில், "வெயில்ல நிறுத்தினா பம்பர் ஒரு கலர், வண்டி ஒரு கலர். தம்பியாச்சேன்னு குடுத்தேன், வேற யாராவதா இருந்தா விட்டிருப்பேனா" என்றார். இவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது, என் விரல் முட்டியில் ரத்தம், அவர் தண்ணீர் டம்ளருக்குள் ஒரு பல். அண்ணி டம்ளரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள், கழுவினால் ஒட்டிவிடும் என்பதுபோல.

அன்று சாயங்காலம் என் மனைவி துணி மடித்துக்கொண்டே பேசினாள். அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கிறவள், வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது.

"இனிமே ஒரே ஒரு தடவை நீங்க கை நீட்டினா போதும். யாரு மேலன்னாலும் சரி. ரோட்டுல போறவன் மேலன்னாலும் சரி. அன்னைக்கே நானும் பாப்பாவும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பி வர மாட்டோம்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சட்டையின் காலரை நீவி விட்டுக்கொண்டு சொன்னாள். பாப்பா என்று அவள் சொன்னது எங்கள் மகளை. பத்தொன்பது வயது, ஆய்வகப் பரிசோதனைப் படிப்பு படிக்கிறாள். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார். மெஷினை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"கோபம் அடிக்கடி வருமா?"

"போனாத்தானே டாக்டர் வர்றதுக்கு" என்றாள் மனைவி.

மாத்திரை எழுதினார். கூடவே, "வீட்டுல ஒரு மீன் தொட்டி வைங்க. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. மனசு தானா அடங்கும்" என்றார். மனம் அடங்குவதற்கு என்ன மீன் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

மீன் கடையில் முதலில் தங்க மீன்களைக் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தேன். கண்ணாடியில் முட்டும், திரும்பும், எதற்குத் திரும்பியது என்பதை மறந்து மறுபடி முட்டும். எனக்கு எரிச்சல் ஏறியதுதான் மிச்சம். அப்போதுதான் கடையின் கோடியில், உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருந்து அது தலையை நீட்டியது. என் முழங்கை கனத்துக்கு ஒரு விலாங்கு. பழுப்பு உடம்பு, அதில் மஞ்சள் பொட்டுகள், செதிலே கிடையாது, மழமழவென்று இருந்தது. என்னைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. ஊசி ஊசியாகப் பல். மூடியது. மறுபடி திறந்தது.

"இது என்னங்க, என்னைப் பார்த்துத் திட்டுது?"

கடைக்காரர் சிரித்தார். "திட்டலை சார், மூச்சு விடுது. வாயைத் திறந்து திறந்து தண்ணியை உள்ள இழுத்தாத்தான் அதுக்கு மூச்சு. பார்க்கிறவங்களுக்குக் கடிக்க வர்ற மாதிரி தெரியும். மோரே விலாங்கு. பாவம், முகம் அப்படி."

முகம் அப்படி. நாற்பத்தொன்பது வயதுவரை என்னைப் பற்றி யாரும் இவ்வளவு ஆதரவாகப் பேசியதில்லை. அந்த மீனைத்தான் வாங்குவேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர், கட்டிக் கொடுப்பதற்கு முன் பயமுறுத்தினார். தொட்டி பெரிதாக வேண்டும், மூடிமேல் செங்கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையால் முட்டித் தள்ளிவிட்டு வெளியே வந்து தரையில் கிடந்து செத்துப்போகும். கண் சரியாகத் தெரியாது, எல்லாம் மோப்பம்தான். தீனியை நீளமான இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும். கடைசியாகத் தன் சுட்டு விரலைக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளைத் தழும்பு.

"தொண்டைக்குள்ள இதுக்கு இன்னொரு தாடை இருக்கு சார். முன்வாய் பிடிச்சுக்கும், உள்வாய் இழுக்கும். பல்லெல்லாம் உள்பக்கமாச் சாய்ஞ்சிருக்கும். கடிச்சா மட்டும் கையை இழுத்துடாதீங்க. இழுத்தா சதை வரும், இல்ல விரலே வரும். கையைத் தண்ணிக்குள்ளேயே வச்சுக்கிட்டு, அது உடம்பைச் சுத்தாமப் பிடிச்சுக்கிட்டு, சும்மா இருங்க. தானா விடும். சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்."

விலாங்கை உடனே கொடுக்கவும் இல்லை. தண்ணீர் பக்குவமாக ஒன்றரை மாதம் ஆகும் என்றார். அந்த ஒன்றரை மாதமும் எங்கள் ஹாலில் உப்புத் தண்ணீரும் நாலு பாறையும் மட்டும் விளக்குப் போட்டு நின்றன. மனைவி வேலை முடிந்து வந்து அதன் எதிரில் உட்கார்ந்து, "தண்ணி இன்னைக்கு நல்லா விளையாடுது" என்பாள்.

ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில்தான் மகள் என்னோடு பேச ஆரம்பித்தாள். அதற்கு முன் என்னிடம் அவள் பேசியதெல்லாம் "ம்", "சரிப்பா", "தெரியலப்பா". தொட்டி வந்ததும், படிப்பில் கற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பாள். உப்பு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவாள். எனக்குத் தகரத்தைப் பற்றித்தான் தெரியும். அவள் சொல்லிக் கொடுக்க நான் வாளி தூக்கினேன். ஒருநாள் நான் உப்பை அதிகமாகக் கொட்டிவிட்டபோது, "அப்பா, இது மீனுக்கு, ஊறுகாய்க்கு இல்ல" என்றாள். சொல்லிவிட்டு ஒரு நொடி என் கையைப் பார்த்தாள். நான் சிரித்ததும்தான் அவளும் சிரித்தாள். அந்த ஒரு நொடியை நான் கவனித்தேன், எனக்கு வலித்தது.

விலாங்கு வந்த அன்றே பெயர் வைத்தாள். என் அண்ணனுக்கு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு தெருவில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம். குழாயில் இருந்து இதுவும் அப்படியே எட்டிப் பார்த்தது. "பெரியப்பா" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பல் விஷயத்தில் மட்டும் பொருத்தம் கொஞ்சம் உதைத்தது, அதை யாரும் சொல்லவில்லை.

துணைக்கு ஒரு மீன் விட்டுப் பார்க்கலாம் என்று உள்ளங்கை அகலத்துக்கு நீல மீன் ஒன்றை வாங்கி வந்தாள். ஐந்து நாள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. ஆறாம் நாள் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம், தொட்டியில் தொப் என்று ஒரு சத்தம். பெரியப்பாவின் வாயில் நீல மீன் குறுக்கே மாட்டியிருந்தது. முழுசாகப் போகவில்லை. அது தன் வாலைச் சுருட்டி, உடம்பிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தலைப் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்து, மீனை அதில் முட்டுக் கொடுத்துப் பிய்த்தது. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பாதி மீன் வாயை அசைத்துக்கொண்டே கீழே இறங்கி மணலில் விழுந்தது. தண்ணீரில் நீலச் செதில்கள் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டிருந்தன. மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் அழுதாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அசிங்கமாகத்தான் இருக்கிறது சொல்வதற்கு, ஆனால் அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

"மூச்சு" என்பது எங்கள் வீட்டு வார்த்தை ஆனது அதற்குப் பிறகுதான். கரன்ட் பில், பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்துவது, ஏதாவது ஒன்றுக்கு என் குரல் ஏறினால் மனைவி திரும்பாமலே கேட்பாள்: "மூச்சு விடுறீங்களா, கடிக்கப் போறீங்களா?" நான் வாயைத் திறந்து மூடிவிட்டு, "மூச்சு" என்பேன். மகள் சிரிப்பாள். ஒரு வீட்டில் இப்படி ஒரு விளையாட்டு இருப்பது எவ்வளவு கேவலம் என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது.

பட்டறையிலும் ஒரு சோதனை வந்தது. ஒரு வாடிக்கையாளன், கதவுத் தகட்டில் மேடுபள்ளமாக அலை தெரிகிறது, மறுபடி செய் என்றான். செய்தேன். மறுநாளும் வந்து, என் நெஞ்சில் ஒரு விரலை வைத்துக் குத்திக் குத்திப் பேசினான். "தொழில் தெரியலைன்னா வேற வேலை பாரு." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து. என் கையில் சுத்தியல். அவன் காதுக்கு மேலே நரம்பு துடிப்பதைப் பார்த்தேன், எந்த இடத்தில் போட்டால் எப்படிச் சாய்வான் என்று கணக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன், மூடினேன். திறந்தேன், மூடினேன். அவன் பயந்து இரண்டடி பின்னால் போனான், எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அவன் போன பிறகு ஸ்டாண்டில் இருந்த ஒரு நல்ல பானட்டை, ஒரு நசுங்கலும் இல்லாததை, கை ஓயும்வரை அடித்தேன். பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து அதை நிமிர்த்தினேன்.

இப்படிப் பதினோரு மாதம். யார் மேலும் என் கை படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு வேலை இருந்தது. மத்தியானம் நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். காலையில் இருந்து தலைவலி. மகள் தொட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு இறாலை உரித்து நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று தீனி நாள். தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றுகிற சின்ன பம்பில் ஏதோ மாட்டிக்கொண்டு கர் கர் என்று இரைந்தது.

"அந்தச் சத்தத்தை நிறுத்து பாப்பா."

"இருங்கப்பா. பாறையில ஒட்டியிருந்த நத்தை ஏதோ மாட்டியிருக்கு. இடுக்கியைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

சத்தம் மண்டைக்குள் துளை போட்டது. ஒரு நிமிஷம் பொறுத்தேன். "இடுக்கி எதுக்கு? கையை விட்டு எடுத்துப் போடு. அது என்ன உன்னை முழுங்கவா போகுது?"

அவள் தயங்கினாள். நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன், நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, செங்கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மூடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டாள். இறால் நறுக்கிய கை. துடைத்தால் போகிற வாசனையா அது.

அவள் அலறவில்லை. "அப்பா" என்றாள், கூப்பிடுகிற மாதிரி.

நான் ஓடியபோது வலது கட்டைவிரலும் அதன் அடிச்சதையும் அதன் வாய்க்குள் இருந்தன. ரத்தம் புகை மாதிரி மேலே வந்தது. குழாயில் இருந்து உடம்பு முழுவதும் வெளியே வந்து, வால் சுருள ஆரம்பித்திருந்தது. முடிச்சு. நீல மீனுக்குப் போட்ட அதே முடிச்சைப் போடப் பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. என் தோளில் இருந்து முழங்கைவரை ஒவ்வொரு நரம்பும் இழு, இழு என்றது. அல்லது கண்ணாடியை உடை. அல்லது அதன் தலையைக் கல்லில் வைத்து நசுக்கு.

"இழுக்காதீங்க" என்றாள் மகள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, இழுக்காதீங்க."

இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்தேன். வலது கையை விட்டு விலாங்கின் நடு உடம்பைப் பிடித்தேன். வழுக்கியது. உடம்பெல்லாம் ஒரே சதை, அத்தனை சதையும் திமிறியது. அக்குளில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சைக் கண்ணாடியில் அழுத்தி, அது சுற்றாமல் பிடித்தேன். வால் என் முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது. என் பிடிக்குள் அது ஒருமுறை முறுக்க, மகள் முனகினாள், அவள் முழங்கால் மடிந்து என் தொடையில் இடித்தது. நான் எதையும் இழுக்கவில்லை. எதையும் அடிக்கவில்லை. சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பம்ப் இரைந்துகொண்டே இருந்தது.

பிறகு அது விட்டுவிட்டது. வாயைத் திறந்தது, விரல் வெளியே வந்தது, நான் பிடியைத் தளர்த்தினேன், அது நழுவிக் குழாய்க்குள் போய்விட்டது.

மகள் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் இருந்தது. அடிச்சதை கிழிந்து தொங்கியது, முழங்கைவரை ரத்தம் ஓடியது, ஆனால் விரல் இருந்தது, அவள் மடக்கினாள், மடங்கியது. துண்டை எடுத்துச் சுற்றினேன். இறுக்கிக் கட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, "விரல் அசையுதுப்பா" என்று சிரிக்கப் பார்த்தாள்.

நான் அறைந்தேன்.

முழுக் கை. சுத்தியல் பிடிக்கிற கை. அவள் சுழன்று சோபாவின் கைப்பிடியில் மோதி, கீழே விழுந்து, அடிபட்ட கையையே தரையில் ஊன்றினாள். துண்டில் இருந்து ரத்தம் தரையில் அச்சு வைத்தது.

"யாரு உன்னைக் கையை விடச் சொன்னா?" என்று கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது யார் சொன்னது என்று.

எங்களைப் போன்ற வீடுகளில் இது புதிதில்லை. பிள்ளை விழுந்துவிட்டு அழுதுகொண்டு வந்தால், தூக்குவதற்கு முன் முதுகில் ஒன்று வைப்போம். ஏன் விழுந்தாய் என்று. பயம் அது. பயம் இறங்குவதற்கு ஒரு இடம் வேண்டும், பக்கத்தில் இருப்பது பிள்ளையின் முதுகு. நானும் அப்படி அடி வாங்கியவன்தான். அதனால் என்ன. அவள் தரையில் கிடந்தாள்.

அவளே எழுந்தாள். "கார் சாவி டிவி மேல இருக்கு" என்றாள். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், எனக்கு அந்தக் கன்னம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், கொஞ்சம் தைத்து மீதியைத் திறந்தே விட்டார்கள், மீன் கடி என்பதால் மூடித் தைத்தால் சீழ் வைக்கும் என்று. சின்ன வயது டாக்டர். என்ன நடந்தது என்று மகள் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இழுத்திருந்தா இந்நேரம் விரல் இல்லை சார். பதறாம இருந்திருக்கீங்க. எல்லா அப்பாவாலும் முடியாது."

நான் தலையாட்டினேன். வெட்கம்கெட்ட மனசு, அந்த ஒரு வினாடி அது குளிர்ந்தது.

நர்ஸ் ஒரு படிவம் கொண்டுவந்தாள். மகளுக்கு வலது கை கட்டுப் போட்டிருந்ததால் என்னிடம் கொடுத்தாள். பெயர், வயது எழுதினேன். காயம் எப்படி ஏற்பட்டது: விலாங்கு கடித்தது. அதற்குக் கீழே, உடலில் வேறு காயங்கள்.

நர்ஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். "கன்னம் ஏம்மா இப்படி வீங்கியிருக்கு?"

"அதோட வால் அடிச்சிடுச்சு" என்றாள் மகள்.

ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். யோசிக்கவே இல்லை. நர்ஸ் சரி என்று போய்விட்டாள். மகள் மெதுவாக என்னிடம், "மீன் வால்னு எழுதுங்கப்பா" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு அறையில், இதே மாதிரி ஒரு நர்ஸிடம், என் மனைவி உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னாள். இதே குரல். அன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதில் ஒருத்தி நின்றாள். அவள் அன்று மீன் பெயரும் கற்கவில்லை, தண்ணீர் பரிசோதனையும் கற்கவில்லை. இதைத்தான் கற்றிருக்கிறாள்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் வால் என்று எழுதினால் எல்லாம் அப்படியே இருக்கும். மனைவி வீட்டில் இருப்பாள். மகள் நோட்டில் உப்புக் கணக்கு எழுதுவாள். எழுத வேண்டியது இரண்டு வார்த்தை.

மனைவி வேலை உடுப்போடு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வாசலிலேயே டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டு, விரலுக்கு ஆபத்தில்லை, உங்கள் வீட்டுக்காரர்தான் காப்பாற்றினார் என்று மறுபடி அந்தப் பாட்டைப் பாடினார். அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு மகளிடம் போய்க் கட்டைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், முகவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள்.

"கன்னத்துல என்ன?"

"வால் அடிச்சிடுச்சும்மா. அப்பா அந்தப் படிவத்துலகூட எழுதிட்டாங்க."

நான் படிவத்தை முழங்காலில் வைத்து, அந்தக் காலி இடத்தில் எழுதினேன். அப்பா அடித்தது. எழுந்துபோய் மனைவியிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். முகம் மாறவில்லை.

"தெரியும்" என்றாள். "மீனுக்கு ஏது அஞ்சு விரல்."

மகள் அழ ஆரம்பித்தாள். கடித்தபோது அழாதவள், அறைந்தபோது அழாதவள், இப்போது கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா பயந்துட்டாங்கம்மா, அவ்வளவுதான்" என்றாள். மனைவி அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மாத்திரைச் சீட்டை மடித்து உள்ளே வைத்தாள்.

"நான்தான் ஒத்துக்கிட்டேனே" என்றேன். பிச்சை கேட்கிற குரலில்தான் வந்தது.

"ஒத்துக்கலைன்னா சொல்லாமப் போயிருப்பேன். ஒத்துக்கிட்டதால சொல்லிட்டுப் போறேன்."

மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். மகள் கதவருகே ஒருமுறை திரும்பினாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

நான் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் மாறியிருந்தாள், வயதானவள், கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல அப்பான்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நான்தான்" என்றேன்.